விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் போக முடியுமா?

சேலத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் விமான டிக்கெட் போடும்போது நாலு இணையதளத்தைத் திறந்து வைத்து விலையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 500 ரூபாய் குறைந்தால்கூட விடமாட்டார்கள். அப்புறம் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்ச் சேர வாடகைக் கார் பேசுவார்கள். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு அந்தக் காருக்கே போய்விடும். இது யாருடைய தவறும் இல்லை. பெட்டிகளோடு, நள்ளிரவு விமானத்துக்கு, வேறு எப்படிப் போவது என்று தெரியாததால்தான் கார்.

விமானம் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் நாம் செய்கிற இந்தப் பயணத்தை, இத்துறையில் இருப்பவர்கள் தரைவழி அணுகல் என்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து விமான நிலைய வாசல்வரை எப்படி வருகிறோம், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு புகை என்பதெல்லாம் அதில் அடக்கம். நூறு பயணிகளில் எத்தனை பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ மெட்ரோவிலோ வருகிறார்கள் என்பதுதான் இதன் முக்கியமான அளவுகோல். பெரிய விமான நிலையங்கள் இந்த எண்ணை உயர்த்தப் பல ஆண்டுகளாகப் பாடுபடுகின்றன. அது ஏன் அவ்வளவு கடினம் என்பதைச் சேலத்துக்காரர்கள் பயன்படுத்தும் விமான நிலையங்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில் புகைக் கணக்கு. ஒரு விமான நிலையத்தின் கரியமில வாயுவை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். நிலையத்தின் சொந்த வண்டிகளும் ஜெனரேட்டர்களும் வெளியிடுவது ஸ்கோப் 1. விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் வருவது ஸ்கோப் 2. மற்றவர்கள் வெளியிடுவது, அதாவது விமானங்கள், பயணிகள் வரும் கார்கள், ஊழியர்கள் வரும் பைக்குகள் எல்லாம் ஸ்கோப் 3. முதல் இரண்டும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. கொச்சி நெடும்பாசேரி விமான நிலையம் 2015 ஆகஸ்ட்டில் 12 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் ஆனது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் கூரை மேலே எத்தனை சூரியத் தகடு வைத்தாலும், வாசலுக்கு வரும் காரின் புகை குறையாது. அதனால்தான் 2009இல் ஐரோப்பாவில் தொடங்கி இன்று உலகம் முழுக்க உள்ள ‘ஏர்போர்ட் கார்பன் அக்ரெடிடேஷன்’ என்ற தரச்சான்றில், மூன்றாம் நிலைக்கு ஏறும் நிலையம் பயணிகளும் ஊழியர்களும் வந்துபோகும் பயணத்தையும் கணக்கில் காட்டியாக வேண்டும்.

வானத்தில் எரியும் எரிபொருளோடு ஒப்பிட்டால் தரையில் எரிவது குறைவுதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் விமான எஞ்சினை மாற்றுவது சேலத்தின் கையில் இல்லை. ஒரு பஸ் எந்த நேரத்துக்குப் புறப்பட வேண்டும் என்பது சேலத்தின் கையில் இருக்கிறது.

கொண்டுவிடுவதன் விலை

சேலம் விமான நிலையம் ஓமலூர் வட்டம் கமலாபுரத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. நீங்களே கார் ஓட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்திவிட்டு, ஊர் திரும்பியதும் அதே காரில் வீட்டுக்கு வந்தால் மொத்தம் 40 கி.மீ. அண்ணனோ மச்சானோ கொண்டுவிட்டு வீடு திரும்பி, நீங்கள் வரும் நாளில் மறுபடியும் வந்து அழைத்துப் போனால் 80 கி.மீ. ஒரே ஆளின் ஒரே பயணம்தான், ஆனால் சாலையில் வண்டி நான்கு முறை ஓடுகிறது. வாடகைக் காருக்குத் திரும்பும்போது சவாரி கிடைக்காவிட்டால் அதுவும் இதே கணக்குதான்.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ. தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் நிறுத்திவிட்டுப் போனால் 6 கிலோ, கொண்டுவிட்டு அழைத்து வந்தால் 12 கிலோ. இதையே பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து சுமார் 230 கி.மீ. நான்கு முறை ஓடினால் 920 கி.மீ. 60 லிட்டருக்கு மேல் பெட்ரோல், 140 கிலோ கரியமில வாயு. ஒருவரை விமானம் ஏற்றி இறக்க மட்டும் இவ்வளவு.

எனவே கார் நிறுத்தக் கட்டணத்தை ஏற்றினால் மக்கள் பஸ்ஸுக்கு மாறிவிடுவார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நிறுத்தக் கட்டணம் ஏறினால் பலர், நிறுத்துவதை விட்டுவிட்டு யாரையாவது கொண்டுவிடச் சொல்வார்கள். அப்போது சாலையில் வண்டி இரண்டு மடங்காகும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் 2021 நவம்பரில், வாசலில் ஆளை இறக்கிவிட வரும் காருக்கும் கட்டணம் போட்டது இந்தக் காரணத்தை ஒட்டித்தான். ஆனால் ஹீத்ரோவுக்கு 1977இலேயே பாதாள ரயில் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்று வழி கொடுக்காமல் கட்டணம் மட்டும் போட்டால் அது வெறும் வசூல். வெளிநாடு போகும் பிள்ளையை வழியனுப்பப் பாட்டி முதல் சித்தப்பா வரை வேன் பிடித்து வருகிற ஊர் நம்முடையது. அந்தப் பாசத்துக்கு அபராதம் போடும் திட்டம் எதுவும் இங்கே நிற்காது, நிற்கவும் கூடாது.

காலி பஸ் பசுமை ஆகாது

அடுத்தது பஸ். நகரத்திலிருந்து கமலாபுரம் போகும் டீசல் பஸ் லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் என்று கொண்டால், 20 கி.மீ.க்கு 5 லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ, ஆக மொத்தம் 13.5 கிலோ. 30 பேர் இருந்தால் ஆளுக்கு அரை கிலோகூட இல்லை. வெறும் 3 பேர் இருந்தால் ஆளுக்கு 4.5 கிலோ, போய்வர 9 கிலோ. தனியாளாகக் காரை ஓட்டிப்போய் நிறுத்துவதைவிட இது மோசம். பொதுப் போக்குவரத்து என்று பெயர் வைத்ததாலேயே ஒரு வண்டி சுற்றுச்சூழலைக் காப்பாற்றிவிடாது. ஆள் ஏற வேண்டும்.

ஆள் ஏன் ஏறுவதில்லை? பஸ் மெதுவாகப் போகிறது என்பதால் மட்டும் அல்ல. அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸில் பத்து நிமிடம் தாமதமாகப் போவோம். விமானத்தைத் தவறவிட்டால் டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போய்விடும், சில சமயம் வேலையே போய்விடும். இவ்வளவு பெரிய இழப்பு எதிரே இருக்கும்போது யாரும் வேகத்தைப் பார்ப்பதில்லை, நிச்சயத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆனால் கட்டாயம் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் என்ற பஸ்ஸை நம்புவார்கள். முக்கால் மணியிலும் போகலாம், இரண்டு மணியும் ஆகலாம் என்ற பஸ்ஸை நம்பமாட்டார்கள்.

இங்கேதான் இடைவெளி முக்கியமாகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி இருந்தால் ஒன்று போனாலும் பதற்றமில்லை. இரண்டு மணிக்கு ஒன்று என்றால், அந்த ஒன்று வராத நாளில் உங்கள் விமானம் போய்விட்டது. பெங்களூரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. தேவனஹள்ளி விமான நிலையம் 2008 மே மாதம் திறந்தது. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ‘வாயு வஜ்ரா’ குளிர்சாதன பஸ்கள் நகரத்தின் பல பகுதிகளிலிருந்து இரவிலும் ஓடுகின்றன, பெட்டி வைக்க இடம் உண்டு, அதனால் கூட்டம் ஏறுகிறது. 2021 ஜனவரியில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரயில் நிறுத்தமும் வந்தது. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் நாளுக்குச் சில ரயில்கள்தான், அங்கிருந்து முனையத்துக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸுக்குக் கிடைத்த வரவேற்பு அந்த ரயிலுக்குக் கிடைக்கவில்லை. தண்டவாளமும் நடைமேடையும் இருந்தாலும் கால அட்டவணை விமானத்தோடு பொருந்தவில்லை என்றால் அது பாதி வேலைதான்.

பயணிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தினமும் வருகிறவர்கள் ஊழியர்கள். பாதுகாப்புப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், பெட்டி ஏற்றுபவர், கடையில் நிற்பவர் என்று பெரிய விமான நிலையம் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். பயணி ஆண்டுக்கு ஒரு முறை வரலாம், ஊழியர் மாதத்துக்கு இருபத்தைந்து நாள் வருகிறார். ஒரு பஸ் தடம் நிலைத்து நிற்பது இவர்களால்தான். அதிகாலை 4 மணி ஷிப்டுக்கும் இரவு 11 மணிக்கு முடியும் ஷிப்டுக்கும் பஸ் கொடுத்தால், அதே பஸ் அந்த நேரத்துப் பயணிக்கும் கிடைக்கும். விமான நிலையப் பஸ் என்றாலே வெள்ளை வண்டி, குளிர்சாதனம், உயர்ந்த கட்டணம் என்று திட்டமிடுகிறவர்கள் முதலில் ஊழியர்களை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் வண்டி காலியாக ஓடுகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள்.

சேலத்திலிருந்து தண்டவாளத்திலேயே

சென்னைக்கு வருவோம். நம் பக்கத்தில் பொதுப் போக்குவரத்து நன்றாக இணைந்திருக்கும் விமான நிலையம் அதுதான். 2016 செப்டம்பரில் மெட்ரோ அங்கே போய்ச் சேர்ந்தது. மெட்ரோ நிலையத்திலிருந்து முனையங்களுக்கு மேலேயே நடைபாதை இருக்கிறது. 2019 பிப்ரவரியில் முதல் கட்டம் முழுமையானதும், சென்ட்ரலில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம் என்றாகிவிட்டது. எதிரே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம்.

இதை வைத்துச் சேலத்திலிருந்து முழுக்கத் தண்டவாளத்திலேயே போகலாம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவில் ஏறினால் விடியற்காலை சென்ட்ரல், அங்கே மெட்ரோ. பகலில் போக வேண்டுமானால் 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது, நான்கு மணி நேரத்துக்குள் சென்ட்ரல். ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போகும் சேலம் எழும்பூர் எக்ஸ்பிரஸில் போனால் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து புறநகர் ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம். எழும்பூர்வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. இந்தத் தாம்பரம் வழி தெரியாமல் நகரத்துக்குள் போய்த் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல் கிளம்புகின்றன, இறங்குகின்றன. அந்த நேரத்தில் மெட்ரோ இல்லை. போகும்போது முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளலாம், இரவு 2 மணிக்கு வந்து இறங்குகிறவர் என்ன செய்வார்? சேலம் பஸ்ஸில் வருகிறவர் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்குகிறார். விமான நிலையத்துக்கும் கிளாம்பாக்கத்துக்கும் நடுவே மெட்ரோவை நீட்டும் திட்டம் சுமார் 15 கி.மீ. நீளத்துக்குத் தீட்டப்பட்டிருக்கிறது. அது வந்தால் சென்னைவாசிகளைவிட நமக்கும் விழுப்புரம், திருச்சி பக்கத்து மக்களுக்கும்தான் அதிகப் பயன். தென் மாவட்டத்துப் பஸ் பயணி ஒவ்வொருவரும் நகருக்குள் நுழையாமலே விமான நிலையம் போய்விடலாம்.

கோவை வேறு விதம். அங்கே மெட்ரோவும் இல்லை, விமான நிலைய ரயிலும் இல்லை. ஆனால் விமான நிலையம் அவிநாசி சாலைக்குப் பக்கத்தில் இருப்பதால், சேலத்திலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில் சிட்ரா நிறுத்தத்தில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் போதும். அவிநாசி சாலையில் இப்போது மேம்பாலம் வந்துவிட்டது, அதனால் வண்டி கீழே நின்று போகுமா என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். தனிப் பஸ் விடாமலே, ஏற்கெனவே ஓடும் நூற்றுக்கணக்கான பஸ்களின் வழியில் விமான நிலையம் இருப்பதே ஒரு பெரிய வசதி.

கமலாபுரத்தில் என்ன செய்யலாம்

சேலம் விமான நிலையத்துக்கும் அந்த வசதி இயல்பாகவே இருக்கிறது. சேலம் தர்மபுரி பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 44இன் வழியில்தான் கமலாபுரம். தர்மபுரி, ஓசூர், பெங்களூரு போகும் பஸ்கள் எல்லாம் அந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. அந்தப் பக்கம் ஓமலூர் ரயில் சந்திப்பு, மேட்டூர் அணைக்கும் தர்மபுரிக்கும் தடம் பிரியும் இடம். ஆனால் ஒரு விரைவுப் பஸ் நெடுஞ்சாலையில் நின்றாலும், பெட்டியை இழுத்துக்கொண்டு வேகமாக வண்டிகள் பாயும் சாலையைக் கடந்து, வெயிலில் உள்ளே நடக்க வேண்டும் என்றால் வயதானவர் யாரும் அதைத் தேர்ந்தெடுக்கமாட்டார். இரண்டு பக்கமும் நிழற்குடை, பாதுகாப்பாகக் கடக்க ஒரு வழி, நிறுத்தத்திலிருந்து முனையம்வரை ஒரு சிறிய பேட்டரி வண்டி. கோடிக்கணக்கில் செலவாகும் வேலை இல்லை இது.

இங்கே விமான சேவையே விட்டுவிட்டு வந்திருக்கிறது. 1993இல் திறந்த நிலையம், நீண்ட காலம் விமானம் இல்லாமல் கிடந்தது. 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கு விமானம் கொண்டுவரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு மறுபடி விமானம் வந்தது, பின்னர் நின்றது, 2023 அக்டோபரில் திரும்பவும் தொடங்கியது. வருவது ஏடிஆர் வகைச் சிறு விமானம், 70 முதல் 78 இருக்கை. ஆகவே நாள் முழுக்க 20 நிமிடத்துக்கு ஒரு தனிப் பஸ் விட்டால் முன்னால் சொன்ன காலி பஸ் கதைதான் ஆகும். சிறிய நிலையத்துக்கு ஏற்றது வேறு முறை: விமான நேரத்தோடு கட்டிப்போட்ட பஸ். விமானம் இறங்கி அரை மணி நேரம் கழித்துப் புறப்பட வேண்டும், விமானம் தாமதமானால் பஸ்ஸும் காத்திருக்க வேண்டும். விமானம் இல்லாத நேரத்தில் அதே வண்டி கமலாபுரம், ஓமலூர், கருப்பூர் வழியாக நகரப் பஸ்ஸாக ஓடலாம். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன, மாணவர் கூட்டம் எப்போதும் உண்டு. அந்தக் கூட்டம்தான் விமானப் பயணிக்கும் பஸ்ஸைக் காப்பாற்றிக் கொடுக்கும். சாதாரண நகரப் பஸ்ஸாக விட்டால் 2021 மே முதல் பெண்களுக்கு உள்ள இலவசப் பயணமும் பொருந்தும், நிலையத்தில் துப்புரவு வேலைக்கு வரும் பெண்களுக்கு மாதச் செலவில் அது பெரிய மிச்சம்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். இன்று கமலாபுரத்தில் இறங்கும் சுற்றுலாப் பயணிக்குக் கார்தான் வழி. இல்லையென்றால் நகரத்துக்குப் போய், பஸ் மாறி, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று ஏற வேண்டும். மே மாதக் கோடை விழா சமயத்தில் 20 கொண்டை ஊசி வளைவிலும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மலைக்கு இன்னும் கார்கள் தேவையில்லை. விமான நேரத்துக்கு ஒரு சிறிய பஸ், வார இறுதியிலும் கோடையிலும் மட்டுமாவது, நேராக ஏற்காடு ஏரிவரை போனால் சேர்வராயன் மலைக்கு அது செய்யும் உதவி கொஞ்சமல்ல.

நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். நூறு கார் என்றால் முக்கால் ஏக்கர்வரை தேவை. கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடியது ஊரறிந்தது. ஓடுபாதையின் நீளத்தைப் பஸ் குறைத்துவிடாது. ஆனால் விரிவாக்கம் என்ற பெயரில் வயல் எடுக்கப்படும்போது, அதில் எவ்வளவு விமானத்துக்கு, எவ்வளவு கார் நிறுத்த என்று கேட்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு.

இதில் முடிவெடுப்பவர்கள் ஒரே இடத்தில் இல்லை. பஸ் தடம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்திடம், நெடுஞ்சாலை நிறுத்தமும் கடக்கும் வழியும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம், வளாகத்துக்குள் பஸ் எங்கே நிற்கும் என்பது விமான நிலைய ஆணையத்திடம் இருக்கின்றன. ஒருவரிடம் போனால் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். இவர்களை ஒன்றாக உட்கார வைக்கக்கூடிய இடம், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் கூடும் விமான நிலைய ஆலோசனைக் குழு. மனு எழுதுகிறவர்கள் பொதுவாக ‘பஸ் வசதி வேண்டும்’ என்று மட்டும் எழுதாமல், எந்த விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது, எத்தனை மணிக்குப் பஸ் புறப்பட வேண்டும், தாமதமானால் யார் சொல்லி அது காத்திருக்கும், ஊழியர் ஷிப்ட் எப்போது மாறுகிறது என்று நேரத்தைக் குறித்து எழுதுவது நல்லது. அந்தக் குழுவின் உறுப்பினர்களிடமும், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுக்கலாம்.